ஆயரின் கதிரையில் ஒரு துவாய்

பிராங்பேர்ட் ரயிலில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் தங்கள் ஊர்ப் பேராலயத்தில் துப்புரவு வேலை செய்பவர்.

“ஆயர் ஆண்டகை பூசை முழுக்க நிண்டதுக்கு நான்தான் காரணம், அக்கா.”

“என்ன செய்தனீர்?”

“மகளின்ர உறுதிப்பூசுதலெண்டு அவற்ற கதிரையை வடிவாத் துடைச்சன். துடைச்ச துவாயை அதிலயே விட்டிட்டன்.”

“அந்தக் கதிரை ஆயரின்ர அதிகாரத்துக்கு அடையாளமெல்லே. அவரைத் தவிர ஒருத்தரும் இருக்க ஏலாது.”

“ஓம். ஆனா அவர் ஜேர்மன்காரர். கடற்கரைக் கதிரையில துவாய் போட்டுத்தானே அவை இடம் பிடிக்கிறவை. துவாய் போட்டிருந்தா ஆரோ பிடிச்சு வைச்ச இடமெண்டு தொடவேயில்லை.”

“பிள்ளைக்கு எண்ணெய் பூசினவரோ?”

“பூசினவர். பூசிப்போட்டு, அந்தக் கதிரை ஆருக்கு எண்டு அவளிட்டை மெதுவாக் கேட்டவர்.”

“அவள்?”

“எங்கட வீட்டுத் துவாயைப் பாத்திட்டு, ‘அம்மாவுக்கு’ எண்டிட்டாள்.”