பூசத்துக்கு முழுக்கூலி

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிற வாசு இன்னும் இருமுகிறாரே, பாவம். தைப்பூசத்துக்கு லீவு போட்டால் ரயில் பட்டறையில் கூலி பிடிப்பார்களா என்று உன் புருஷன் தவிக்கிறானாமே. அந்த விஷயத்தில் இந்த பிரிக்பீல்ட்ஸில் என்னைவிட விவரம் தெரிந்தவள் கிடையாது. ஒரு கதை சொல்கிறேன், கேள். நடந்த கதை. நான் நடத்திய கதை.

முப்பது வருஷம் ஆகிறது. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் சுவரில் துரை ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. நான் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஜெயராஜ் கிராணிக்கு நாலு முட்டை கொடுத்து, மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தீபாவளிக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள், கூலியோடு லீவு. பூசத்துக்குக் கிடையாது, வராதவன் பேரை வெட்டிவிடுவார்கள். கடைசி வரிதான் அழகு: செக்ரோல் புத்தகத்தில் பேர் உள்ள ஆள் யாராவது இறந்தால் மறுநாள் தோட்டம் முழுக்க லீவு, எல்லோருக்கும் முழுக்கூலி. கூலி வாங்குகிற நாம் அன்றைக்கு விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டில் நின்று பேர் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கமான துரை.

அந்த வருஷம் என் மகள் தங்கமணி அம்மை போட்டுப் பிழைத்து எழுந்திருந்தாள். பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் இருபது குடும்பத்துக்கும் ஆளுக்கொரு வேண்டுதல். மஞ்சள் துணி வாங்கியாயிற்று, ரயிலுக்குக் காசு சேர்த்தாயிற்று. லீவு ஒன்றுதான் பாக்கி.

அப்போது பார்த்துப் பக்கிரிசாமி மாமா படுத்தார். புல் வெட்டுகிற மனுஷர். ஒண்டியாகக் கப்பலேறி வந்தவர், உறவென்று ஒருத்தர் இல்லை. கஞ்சி ஊற்றியதெல்லாம் நான்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, பத்து நாள் தாங்கினால் அதிகம் என்றார். பூசத்துக்குச் சரியாக ஒன்பது நாள் இருந்தது.

லயமே கலகலப்பாகிவிட்டது. தப்பாக நினைக்காதே, எல்லோருக்கும் அவர்மேல் பிரியம். கார்த்திகேசு கங்காணியின் அப்பாவும் படுக்கைதான். ஆனால் அவர் போனால் பாதி லயம் பங்காளி, தீட்டு வந்துவிடும், எவனும் காவடி தூக்க முடியாது. மாமா போனால் தலைக்கு ஊற்றிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான். அவ்வளவு தோதான மனுஷர்.

தினமும் புஷ்பவல்லி ஓடி வருவாள். "எப்படிக்கா இருக்காரு?"

"கஞ்சி கேட்டாரு."

"அய்யய்யோ, கேட்டுட்டாரா?"

ஞாயிற்றுக்கிழமை மூச்சு இழுத்தது. கங்காணி பதறிப்போய் வந்தார். "இராஜம்மா, பூசம் வியாழக்கிழமைலா! இப்பப் போயிட்டா நாள் வீணாப் போயிடும். புதன் வரைக்கும் எப்படியாவது புடிச்சு வையி." பிடித்து வைத்தேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன், இஞ்சி தட்டிக் கொடுத்தேன், இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. அங்கேதான் கை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. புதன்கிழமை நான் வெட்டு முடித்து வந்தால், மாமா எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"புள்ள, கருவாட்டுக் கொழம்பு வச்சுத் தாயேன். நாளைக்கு நானும் பத்துமலைக்கு வரேன்."

ஆசையாகக் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டார். நல்ல வெயில், லயத்தில் எல்லோரும் பால் நிறுக்கப் போயிருந்தார்கள். வெளியே மஞ்சள் துணிகள் கொடியில் காய்ந்தன. இருபது வீட்டுச் சந்தோஷம் அது. மாமாவைப் படுக்கவைத்து, தலையணையை எடுத்து முகத்தின்மேல் வைத்துச் சாய்ந்துகொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பாசக்காரர். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார். அவருக்காக முருகா என்று ஒரு தடவை நானே சொன்னேன்.

ஐந்து மணிக்கு அடக்கம். அத்தனை பேரும் அழுதோம், அத்தனை பேருக்கும் சிரிப்பும் வந்தது. திரும்பி வந்ததும் ஜெயராஜ் கிராணி செக்ரோலை விரித்து, "இராஜம்மா, ஒனக்கு மட்டும் மூணு நாள் கூலி" என்றார்.

"எனக்கு எதுக்குங்க?"

"சொந்தக்காரங்களுக்கு மூணு நாள், அது வேற காகிதம். போன மாசம் பெரியவரு வந்து எழுதச் சொன்னாரு. உறவு: மகள், இராஜம்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணி மெதுவாகச் சொன்னார்: "கட்டிக்கொடுத்த மகளுக்கு மூணு நாள் தீட்டும்மா. நீ வரப்படாது."

மறுநாள் காலையில் மேளம் கொட்டிக்கொண்டு எல்லோரும் ரயிலுக்குப் போனார்கள். என் பால்குடத்தைப் புஷ்பவல்லி எடுத்தாள். தங்கமணி துள்ளிக்கொண்டு போனாள். ஆளில்லாத லயத்தில் நான் மட்டும், முழுக்கூலியோடு. சட்டியில் கருவாட்டுக் குழம்பு மீதி இருந்தது. சூடுபண்ணிச் சாப்பிட்டேன், நன்றாக ஊறியிருந்தது.

என்மேல் அவருக்குக் கோபமே இல்லை, கண்ணு. இருந்தால் மகள் என்று எழுதுவாரா?

அதனால் உன் புருஷனைப் பட்டறைக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லிக் கேட்கச் சொல். வாசுவுக்கும் அந்தப் பட்டறைதானே, உறவு யாரும் இல்லை என்றாயே. புத்தகத்தில் யார் பேரை எழுதி வைத்திருக்கிறார் என்று முதலில் விசாரித்துவிடு. நாளையிலிருந்து அவருக்குக் கஞ்சி நான் கொண்டுவருகிறேன். உன் வீட்டில் அடுப்பு அணையாமல் எரியட்டும், தொட்டில் ஆடட்டும். வருகிற பூசத்துக்கு ஒருத்தர் குறையாமல் எல்லோரும் மலையேறுங்கள், நல்லா இருங்கள்.