பக்கத்து வீட்டில் விட்ட கோழிகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். சென்னைக்குப் போய் முதல்முறையாக உல்லாசக் கப்பலில் ஏறப் போகிறார்கள்.

“இலங்கையில நின்னா நான் கப்பலை விட்டு எறங்க மாட்டேன்” என்றார் அப்பா.

“சுத்திப் பாக்கத்தானேப்பா போறோம். ஞாயித்துக்கெழம திரும்பிருவோம்.”

“அங்க தேயிலைத் தோட்டத்துலயிருந்து எங்களைக் கப்பலேத்தி இங்க அனுப்பினப்ப எனக்குப் பத்து வயசு. யாரும் திரும்பிப் போகல.”

“இப்ப பாஸ்போர்ட் இருக்குப்பா.”

“அப்பவும் குடுத்தாங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம கோழிகளை யார் பாக்குறா?” என்று கேட்டார்.

“பக்கத்து ஊட்டு அக்காகிட்ட சொல்லியிருக்கேன்.”

“எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லிட்டு வந்துச்சு.”

மகள் போனை எடுத்தாள். “அக்கா, ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துருவோம்” என்று இரண்டு முறை சொன்னாள்.