பதினேழாயிரம் மின்னஞ்சல்களுக்கு நடுவே ஒரு சம்மதம்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் விழாத் தலைவர், பெருந்தகை சௌக்கத் அலி பாய் அவர்களே! மூன்று மாதம் முகம் சுளிக்காமல் இந்த மின்னஞ்சல் வகுப்பை நடத்திய ஆசிரியை ரூபினா அவர்களே! அறுபது வயதில் கடவுச்சொல்லை மனப்பாடம் செய்த என் அருமைத் தாய்மார்களே! ஆலையிலும் துறைமுகத்திலும் இரும்போடு இரும்பாக உழைத்து, இன்று விரல்நுனியால் எழுத்தைத் தேடும் பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்து, "என் கதைய சொல்லாதம்மா" என்று கண்ணாலேயே கெஞ்சும் என் மாமனார் பக்தவச்சலம் அவர்களே! "நீ சொல்லு" என்று கையை ஆட்டும் என் மாமியார் கெங்கம்மா அவர்களே! உங்கள் அனைவரையும் அன்பால் அணைத்து வணங்குகிறேன்.

அத்தை அனுமதி கொடுத்துவிட்டார். சொல்லிவிடுகிறேன்.

நான் தேவப்பிரியம். ராயபுரத்தில் சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை. நாளெல்லாம் மின்னஞ்சல், நாவெல்லாம் மின்னஞ்சல்! என் கணவர் பீம்ராவ் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்பவர். நாங்கள் காதலித்தோம். கைதட்டாதீர்கள், அந்தக் காதல் ஒருநாள் செத்தே போனது.

எப்படி? நடுக்கடலில் இருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "பிரியம், நைனாவுக்கு நம்ம விஷயத்த எழுதி ரெண்டு மாசமாச்சு. பதிலே இல்ல. அவருக்கு இஷ்டமில்லன்னு புரிஞ்சிட்டது. அவர மீறி நான் ஒன்னும் செய்ய மாட்டேன். நீ ஒன் வழியப் பாத்துக்க."

நான் சர்ச்சுக்குப் போகும் வீட்டுப் பெண். அவர்கள் புத்தரை வணங்கும் குடும்பம். அதனால்தான் மறுத்தார்கள் என்று நினைத்தேன். அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. மறுத்தவர் என் முகத்தைப் பார்த்து மறுக்கட்டுமே! அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி, வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாம் மாடி ஏறி, கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் இதோ, இந்த மனிதர். "யாரும்மா நீ? இன்னா வோணும்?"

"எனக்கும் பீம்ராவுக்கும் கல்யாணத்த ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"எந்தக் கல்யாணம்? நான் இன்னாத்த வேணான்னேன்? எனுக்கு ஒன்னுமே தெரியாதே! அவன் கப்பலுக்குப் போயி எட்டு மாசமாச்சு. ஒரே ஒரு தபா போன் பண்ணான். எழுதுறேன் எழுதுறேன்னு சொல்லிட்டுப் போனவன் எங்கள மறந்துட்டான்மா!"

அந்த ஒரு தொலைபேசிப் பேச்சில் அப்பா சாப்பாட்டைக் கேட்டார், உடம்பைக் கேட்டார். கேட்க வேண்டியதைக் கேட்க மகனுக்கு நாக்கு எழவில்லை. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார் என்று மகன் நினைத்துக்கொண்டார்.

"மாமா, உங்க போன கொடுங்க" என்றேன்.

அவையோரே! திறந்து பார்த்தேன், திகைத்துப் போனேன்! படிக்காத மின்னஞ்சல்கள் பதினேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு! துணி வாங்கிய கடை, செருப்பு வாங்கிய கடை, சும்மா எட்டிப் பார்த்த கடை, கேட்டவர்க்கெல்லாம் முகவரியைக் கொடுத்திருக்கிறார் இந்தக் கொடை வள்ளல்!

"யாரும்மா படிக்கறது? எல்லாம் கடைக்காரன் கூப்புட்டுக்கினே கீறான்."

தேடும் கட்டத்தில் ஒரே ஒரு பெயரை அடித்தேன். பீம்ராவ். வந்து நின்றன ஒன்பது கடிதங்கள். ஒன்பதும் திறக்கப்படாதவை.

நான்காவதை நான் வாசித்தேன். "நைனா, ராயபுரத்துல ஒரு பொண்ணு கீது. பேரு தேவப்பிரியம். நீ சரின்னா கட்டிக்கிறேன். வேணான்னா, நான் கேக்கவே இல்லன்னு வெச்சிக்க."

ஏழாவது இரண்டே வரி. "நைனா, கோவமா? திட்டியாவது ஒரு வரி போடு."

அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அத்தைதான் அலறினார். "யோவ், புள்ள கெஞ்சிகினு கீறான்யா! எழுதுய்யா!"

எழுதினார். அனுப்பினார். போகவில்லை! பெட்டி நிறைந்துவிட்டது, இனி வரவும் வராது, போகவும் போகாது என்றது அந்த போன். கண்ணெதிரே மகன் கெஞ்சுகிறான், பதில் சொல்ல வழியில்லை. என்ன கொடுமை!

உட்கார்ந்தேன். ஒவ்வொரு கடையின் பெயராகத் தேடினேன், மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். இனி அனுப்பாதே என்று சந்தாவை நிறுத்தினேன். கனமான படங்கள் இணைத்த அஞ்சல்களைத் தனியே தேடி எடுத்தேன். குப்பையில் போட்டால் மட்டும் போதாது, குப்பையையும் காலி செய்தேன். ஒரு மணி நேரம், மூன்று டீ! என்ன கேட்கிறீர்கள் அக்கா? சர்க்கரையா? அத்தை தூக்கலாகவே போட்டார்.

பிறகு மாமா ஒற்றை விரலால் எழுதினார். "சரிடா. அந்தப் பொண்ணு இங்கதான் குந்திகினு டீ குடிக்குது. நல்ல பொண்ணு. நீ எப்போ வர?"

அனுப்பு என்று அழுத்தினார். "எம்பேரப் போட்டியா?" என்றார் அத்தை. நான் பாய்ந்து, அனுப்பியதைத் திரும்பப் பெறும் பொத்தானைத் தொட்டேன். சில நொடிகள்தான் அதற்கு ஆயுள். அகப்பட்டது! "அம்மாவுக்கும் சம்மதம்" என்று சேர்த்த பிறகே அந்தக் கடிதம் கடலுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நைனா, இஞ்சின் ரூம்ல நின்னு அழுதுகினு கீறேன். எல்லாரும் பாக்கறாங்க. பாக்கட்டும். அடுத்த மாசம் வரேன்."

வந்தார். சென்ற தை மாதம் திருமணம் நடந்தது.

இன்று மாமாவின் பெட்டியில் மகன் கடிதங்களுக்குத் தனி அடையாளம் உண்டு, வந்தவுடன் நட்சத்திரம் ஏறும். படித்ததைக் காப்பகத்தில் வைக்கிறார், வேண்டாததை அன்றே அழிக்கிறார். படிக்காமல் கிடப்பவை இன்று பதினொன்று. என்ன மாமா? ஏழுதானா? சரி, ஏழு! கைதட்டுங்கள்!

என் அன்புக்குரியவர்களே! மௌனத்தை மறுப்பென்று எண்ணி மருகுகிறவர்கள் எத்தனை பேர்? எழுதிவிட்டு ஏங்குகிறவர்கள் எத்தனை பேர்? பெட்டியைப் பேணுவது படித்தவரின் பகட்டா? பிரியமானவரைக் காக்க வைக்காத பண்பல்லவா அது? ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். சான்றிதழ் வாங்கும் முன், இதே நாற்காலியில், உங்கள் போனை எடுங்கள். வெகுநாளாகப் பேசாத ஒருவரின் பெயரைத் தேடுங்கள். கடிதம் கிடந்தால் பதில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால், முதல் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள்!

மேடை தந்த தலைவருக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், மகனைத் தந்த மாமா அத்தைக்கும் நன்றி. நான் இறங்குகிறேன், நீங்கள் எழுதத் தொடங்குங்கள். வணக்கம்!