மினர்வா லசோர் நிரப்பிய நாற்பத்தொரு படிவங்கள்

இந்தக் கூட்டத்தில் நான் பேசியதையும், நான் பேசும்போது குறுக்கே மற்றவர்கள் பேசியதையும், எதையும் விடாமல், எதையும் கூட்டாமல் உண்மையாக எழுதிவைக்கிறேன். என் பெயர் டெஸ்ஸா ஹெர்ன். வயது பதினான்கு. எட்டாம் வகுப்பு. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நாடுகளில் பிரிந்து கிடக்கும் எங்கள் பூர்வகுடி ஊரான அக்வெசாஸ்னேயின் சமூகக் கூடத்தில், மறைந்த மினர்வா லசோர் அவர்களுக்கான பத்தாம் நாள் விருந்து முடிந்த பிற்பகலில், நான் பேசியது இது:

மேடையில் அமர்ந்திருக்கும் குலத்தாய் அவர்களே! நிர்வாகக் குழுத் தலைவர் வெஸ்லி பெரோ அவர்களே! பாலத்தில் வரிசையில் நின்று, சோதனை முடித்து, வடகரையிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே! தென்கரையின் அண்டை வீட்டாரே! எங்கள் பள்ளி ஆசிரியர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசிய பெரியவர், நம் வழக்கப்படி, நம் கண்ணீரைத் துடைத்தார். காதில் அடைத்திருந்ததை நீக்கினார். தொண்டையில் சிக்கியிருந்ததை எடுத்தார். அவருக்கு நன்றி. ஆனால் என் தொண்டையில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைப் பேசித்தான் எடுக்க முடியும்.

மினர்வா லசோர் யார்? இருபத்தாறு ஆண்டுகள், பனிச்சறுக்கு அரங்கத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, நம் எல்லோருடைய காகிதங்களையும் சரிசெய்தவர். நம் ஊருக்கு நடுவே இரண்டு நாடுகளின் எல்லைக் கோடு போகிறது. கோட்டுக்கு வடக்கே பிறந்தவர் தெற்கே வாழலாம், வேலை செய்யலாம், விசா வேண்டாம் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு உள்ள உரிமை. ரத்தத்தில் பாதியாவது நம்முடையது என்று காட்டினால் போதும். கேட்க எவ்வளவு எளிது! ஆனால் அதைக் காட்டுவதற்கு எத்தனை காகிதம்! அந்தக் காகிதத்தில்தான் எத்தனை பிழை!

"படிவத்துக்கு நம்மளத் தெரியாது, கண்ணு. நாமதான் அதைத் தெரிஞ்சுக்கணும்" என்று மினர்வா அத்தை சொல்வார். முதலில் பென்சிலில் நிரப்புவார். பிறகு பேனாவில். பென்சில் கோட்டை அழித்த தூள் அவருடைய மேசையில் எப்போதும் கிடக்கும்.

ஹார்வி டார்பெல் மாமா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். வடகரையில் பிறந்தவர். பெருநகரங்களில் இரும்புச் சட்டங்களின் மேல் ஏறிக் கட்டடம் எழுப்புகிறவர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணன் இறந்தபோது வடகரையிலிருந்து பாலத்தைக் கடந்து வந்தார். "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று அதிகாரி கேட்டார். ஹார்வி மாமா என்ன சொல்வார்? நம்மில் யார்தான் வேறு எதைச் சொல்வோம்? "பத்து நாள்" என்றார். பத்தாம் நாள்தானே விருந்து! அதிகாரி அதைப் பார்வையாளர், பத்து நாள் என்று பதிந்துகொண்டார். ஹார்வி மாமாவின் வீடோ தென்கரையில், பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்! ஆறு ஆண்டுகள் கழித்து, நாற்பதாவது மாடியிலிருந்து அவரை இறக்கி, இடுப்பில் பாதுகாப்பு வாரோடு கைவிலங்கு போட்டார்கள். தங்க அனுமதித்த நாளைத் தாண்டிவிட்டாராம்!

மினர்வா அத்தை பிறப்புச் சான்றிதழையும் நம் இனத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, அவரை அடைத்துவைத்திருந்த இடத்துக்குப் பேருந்தில் போனார். அங்கே ஓர் அதிகாரி, "அவரே பத்து நாள்னு சொல்லியிருக்காரே, மேடம்" என்றார்.

"ஆமா, சொன்னார். செத்தவனுக்குப் பத்து நாள். உயிரோட இருக்கிறவனுக்கு எத்தனை நாள்னு நீங்க கேக்கவே இல்லையே!"

இதை நான் சொன்னபோது ஹார்வி மாமா எழுந்துவிட்டார். "பத்து நாள்னு சொன்னவனைப் பதினோரு நாள் உள்ள வச்சிருந்தாங்கம்மா! அதையும் சேர்த்து எழுதிக்கோ!" என்றார். கூடம் சிரித்தது. சேர்த்து எழுதிக்கொண்டேன்.

இவ்வளவு செய்தவருக்கு நாம் என்ன செய்ய முடிந்தது? வடகரை நகரத்து மருத்துவமனையில் அவர் இறந்தார். உடலை இந்தக் கரைக்குக் கொண்டுவரும்போது பாலத்தில் நிறுத்தினார்கள். சான்றிதழில் பிறந்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. யாரோ ஓர் எழுத்தர் நிரப்ப மறந்த கட்டம். இரண்டு மணி நாற்பது நிமிடம்! பின்னால் வந்த காரில் நான் இருந்தேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மினர்வா இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பா" என்று ஹார்வி மாமா சொன்னார்.

சபையோரே! இதுவரை நான் சொன்னது உங்களுக்குத் தெரிந்தது. இனி சொல்லப்போவதை இங்கே சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மினர்வா அத்தை அதை மறைத்தவர் அல்லர். அவர் மறைக்காததை அவருடைய இரங்கல் கூட்டத்தில் நான் மறைத்தால், அது அவருக்குச் செய்யும் மரியாதையா?

என்னைப் பெற்றவள் செசில். வடகரையில் என்னைப் பெற்று, எனக்கு இரண்டு வயதாகும்போது இறந்தாள். அவளுடைய தங்கை ஆல்மா என்னைத் தூக்கிக்கொண்டு தென்கரைக்கு வந்தாள். அதோ, கதவருகே, கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள்தான் என் அம்மா. அக்காள் பிள்ளைக்குத் தங்கை தாய் என்பதை இந்தக் கூடத்தில் யாருக்காவது நான் விளக்க வேண்டுமா?

எனக்கு ஐந்து வயதானபோது, என் குடியிருப்பு அட்டைக்கான படிவத்தை மினர்வா அத்தைதான் நிரப்பினார். தாயின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் ஆல்மா அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தேனாம். அத்தை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஆல்மா ஹெர்ன் என்று எழுதினார். செசிலின் பத்தாம் நாள் விருந்தில் சோளச் சூப் ஊற்றியவரே மினர்வா அத்தைதான்! அவர் தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினார். எங்களை நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் அப்படி எழுதினார்.

பதினான்கு வயதில் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த வசந்தத்தில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனோம். கைரேகை எடுத்தார்கள். இம்முறை பிறப்புச் சான்றிதழையும் படிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் செசில். ஒன்றில் ஆல்மா. ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பொய்யான தகவல் கொடுத்துப் பெற்ற உரிமையை ஏன் ரத்து செய்யக்கூடாது, என்னை ஏன் வெளியேற்றக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். பொய் என்று முடிவானால் நான் மறுபடி தென்கரையில் கால் வைக்க முடியாது. என் வீடும், பள்ளியும், அம்மாவும் இங்கே. வடகரையில் எனக்கு இருப்பது ஒரு கல்லறை மட்டும்.

மினர்வா அத்தை கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தப்பு என்னோடது, கண்ணு. இந்தக் கையாலதான் எழுதினேன்" என்றார். அன்றே அந்த அலுவலகத்துக்கும் அப்படியே எழுதினார். பதில் வந்தது. அவருடைய கடிதம் போதாதாம். ஆல்மா ஹெர்ன் அவர்களே உறுதிமொழிப் படிவம் தர வேண்டுமாம். அதில் ஒரு வரி அச்சடித்தே இருந்தது: நான் இந்தக் குழந்தையின் தாய் அல்ல.

அம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"என் வாயால அதைச் சொல்லச் சொல்றியா, மினர்வா? இவளுக்கு அம்மை போட்டப்ப ராப்பகலா பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

"உன்னைச் சொல்லச் சொல்லல, ஆல்மா. அந்த வரிக்குப் பதிலா வேற வரி தேடறேன்."

"தேடு. நல்லாத் தேடு. பென்சில்ல எழுது."

நான்கு முறை வேறு வரி எழுதி அனுப்பினார். நான்கும் திரும்பி வந்தன. ஒரு முறைகூட, ஒரே ஒரு முறைகூட, "கையெழுத்துப் போட்டுத் தொலையேன்" என்று அவர் என் அம்மாவைக் கேட்கவில்லை! தன் பிழையைக் கழுவ என் அம்மாவின் வாயைக் கேட்காத அந்தப் பெருந்தன்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அதற்குப் பதில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் அலமாரியைத் திறந்தார். இருபத்தாறு ஆண்டுக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பள்ளி விட்டதும் நான் போய் உதவுவேன். தாயின் பெயர் என்ற கட்டத்தில் பெற்றவளின் பெயரை விட்டு வளர்த்தவளின் பெயர் எழுதிய படிவங்கள்…

இங்கேதான் வெஸ்லி பெரோ அவர்கள் எழுந்தார். "டெஸ்ஸா, போதும்மா. இது துக்கக் கூட்டம். எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"பேச விடுங்க, வெஸ்லி" என்றார் ஹார்வி மாமா. "புள்ள முடிக்கட்டும்."

"உனக்கென்ன ஹார்வி, உன் ஃபைல் முடிஞ்சு போச்சு. என் ஃபைலை யாராவது தோண்டினா நான் எங்க போறது?"

தலைவர் சொல்ல நினைத்ததற்கு மேல் சொல்லிவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் தொடர்ந்தேன்.

நாற்பத்தொன்று, சபையோரே. நாற்பத்தொரு படிவங்கள். பெயர்களை நான் படிக்கமாட்டேன். உங்களுக்கே தெரியும். பயமாக இருக்கிறதா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள், வியாழக்கிழமை. உங்களுக்கு இன்னும் குறிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "நாமளே போய்த் திருத்தம் கேட்டா அது திருத்தம். அவங்க கண்டுபிடிச்சா அது பொய்" என்று மினர்வா அத்தை சொன்னார். நாற்பத்தொரு பேரும் சேர்ந்து கேட்டால், இது ஒரு சிறுமி செய்த மோசடி அல்ல, ஒரு மக்களின் வழக்கம் என்று அவர்களுக்குப் புரியலாம். புரியாமலும் போகலாம். புரிந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அவரும் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

அதற்கான கூட்டு அறிக்கையை அவர் எழுதி முடித்துவிட்டார். உங்களை வீடு வீடாக வந்து பார்க்க நினைத்திருந்தார். முதல் வீட்டுக்குப் போவதற்கு முன் நெஞ்சு வலி வந்துவிட்டது.

அவர் போகாத வீடுகளுக்கு இனி நான் போவேன். கதவைத் தட்டுவேன். நீங்கள் திறக்காவிட்டால் மறுநாளும் வருவேன். வியாழக்கிழமைக்குப் பிறகு என்னை இந்தக் கரையில் விடமாட்டார்கள் என்றால், வடகரையிலிருந்து கடிதம் எழுதுவேன். மினர்வா லசோர் ஒரு பிழை செய்தார். நம்மை நம் கண்ணால் பார்த்ததால் செய்த பிழை அது! அந்தப் பிழையை அவருடைய பெயரோடு புதைத்துவிடாமல், அவர் தொடங்கியபடியே திருத்தி முடிப்போம். நன்றி.

இவ்வளவுதான் என் உரை. யாரும் கைதட்டவில்லை. இரங்கல் கூட்டத்தில் தட்டுவதும் இல்லை.

பிறகு நடந்தது இது. சூப் பானைகளை எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, அதன்மேல் கூட்டு அறிக்கையை வைத்தேன். சிறிது நேரம் ஒருவரும் வரவில்லை. நாற்காலிகளை மடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார், பிறகு அவருடைய அக்கா. ஹார்வி மாமா வந்து, "என் படிவத்துல தப்பு இல்லைதான். சாட்சின்னு ஒரு ஓரத்துல போட்டுக்கவா?" என்று கேட்டார். நாற்பத்தொரு பேரில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இருபத்தேழு. கையெழுத்துப் போட்டவர்கள் பத்தொன்பது. வெஸ்லி பெரோ அவர்கள் அறிக்கையை நின்றபடியே முழுவதும் படித்தார். ஒரு நகல் கேட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வரேம்மா" என்றார். அவர் மனைவியும் வடகரையில் பிறந்தவர். அதனால் நான் வற்புறுத்தவில்லை.

அம்மா கடைசியாக வந்தாள். கூட்டு அறிக்கையை அவள் பார்க்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த அந்த உறுதிமொழிப் படிவத்தைக் கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன். "அதுல கையெழுத்துப் போடாதே."

"சும்மா இருடி. படிக்கத் தெரியாதவளா நான்?"

அச்சடித்த வரியின்மேல் ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் இடம் போதாததால் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், பேனாவால், மெதுவாக எழுதினாள்: இவளை என் அக்காள் செசில் பெற்றாள். அதற்கு எந்தச் சத்தியமும் செய்வேன். நான் இவளுடைய தாய்.

"இதை ஏத்துப்பாங்களாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமை நானும் வரேன். காகிதத்துக்குப் பின்பக்கம் இருக்குன்னு அவங்களுக்குச் சொல்லணும்ல."

பெயரை எழுதி, தேதி போட்டாள். குலத்தாய் அவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மணி ஐந்தே முக்கால். கூடத்தை ஆறு மணிக்குள் பூட்ட வேண்டும் என்றார்கள். மை காயட்டும் என்று காகிதத்தை இரண்டு கைகளிலும் பிடித்தபடி அம்மா முன்னால் நடந்தாள். நாங்கள் கதவைத் தாண்டியதும் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.