தலைவர் மின்யோ வெட்டாமல் வைத்திருந்த குழாய்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் நாளை பகல் பன்னிரண்டு மணிவரை யாரிடமும் காட்டாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அப்பாவிடம் காட்ட வேண்டாம். அதன்பிறகு நினைவுக் கூட்டத்தில் நானே எழுந்து வாசித்துவிடுவேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் துணைத் தலைவர் டோப்ரி அவர்களே, சங்கச் செயலாளரான என் அப்பா அவர்களே, நம் தலைவரின் மனைவி ஸ்னெஜினா டீச்சர் அவர்களே, இறந்தவர் நினைவாகப் பகிரும் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தோடு என்னை நிமிர்ந்து பார்க்கும் காப்ரோவோ நகரப் பழைய கார் மலையேற்றப் பந்தயச் சங்கத்தினரே, வணக்கம். நான் சோர்னித்சா, வீட்டில் சோரா, ஒன்பதாம் வகுப்பு.

நம் தலைவர் மின்யோ கோலேவ் மறைந்து நாற்பது நாள் ஆகிறது. முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். பனியில் சிக்கிய யாருடைய காரையாவது இழுக்காமல் போனாரா? உங்களில் யாருடைய என்ஜினிலாவது அவர் கை படாமல் இருந்ததா? ஆனால் அவருடைய சொந்தக் கார்?

எல்லோருக்கும் தெரியும். பெடலை மிதித்து மூன்று எண்ணினால்தான் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழிக்கும். விழித்ததும் அழுத்தம் கட்டுமீறி ஏறும். மூன்றாவது வளைவில் என்ஜின் பயந்து தானே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். பதினைந்து வருடம் அந்த வளைவில் நின்ற காரைப் பார்த்துக் கைதட்டினோம். "மின்யோ, உன் டர்போ காபி குடிச்சிட்டுதான் வருமா?" என்று டோப்ரி அண்ணன் கேட்பார். "இல்லடா, உன்னை மாதிரி, யாராவது வாங்கிக் குடுப்பாங்களான்னு காத்திருக்கு" என்பார் தலைவர்.

கணக்குப் பாடத்துக்காக ஸ்னெஜினா டீச்சர் வீட்டுக்குப் போகும் நான், சீக்கிரம் முடித்துவிட்டுக் கீழே தலைவரின் கேரேஜுக்குப் போவேன். இதை இப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறேன். "கேரேஜ் பக்கம் உன்னைப் பாத்தா சோபியாவுல அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனாலும் போனேன்.

டர்போவில் அழுத்தம் போதுமென்றானதும் ஒரு சிறு கதவு திறந்து புகையை வேறு வழியில் விட வேண்டும். அந்தக் கதவுக்குச் சேதி சொல்வது விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். நம் தலைவரின் காரில் அந்தக் குழாய் ஏழு சுற்றுச் சுருட்டிக் கட்டியிருந்தது. இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்.

"எதுக்கு மாமா இவ்வளவு நீளம்?"

"வெட்டினா வெட்டினதுதான். சுருட்டி வெச்சா நாளைக்கு எதுக்காவது உதவும்."

"சேதி இவ்வளவு தூரம் போய்ச் சேர்றதுக்குள்ள அழுத்தம் ஏறிடுது. அதுக்குப் பயந்து நீங்க கதவோட கம்பியைத் தளர்த்தி வெச்சிருக்கீங்க. அதனாலதான் டர்போ தூங்குது."

"வாயை மூடிக்கிட்டுக் கணக்கைப் போடு."

"போட்டுட்டேன். முப்பத்துநாலு சென்டிமீட்டர் போதும்."

பூனை நுழைந்ததும் கதவைச் சட்டென்று சாத்தி அறையின் சூட்டை மிச்சம் பிடிக்க, அதன் வாலையே வெட்டிய கஞ்ச ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழாயை வெட்ட மனம் வராமல் பதினைந்து வருடம்! கடைசியில் டீச்சரின் தையல் கத்திரிக்கோலைக் கொண்டு போனேன். தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெட்டு. நான் பாக்கல."

வெட்டினேன். கம்பியை இரண்டு திருகு இறுக்கினேன். காரில் செய்த வேலையெல்லாம் குறிக்கும் நோட்டில் இதையும் எழுதினேன். பிறகு, ஆம், பள்ளி நேரத்தில், மலைப்பாதைக்குப் போனோம். அவர் பெடலை மிதித்தார். நான் ஒன்று என்று எண்ணத் தொடங்கினேன். முடிக்கவில்லை. முதுகு இருக்கையில் ஒட்டியது. அழுத்தம் காட்டும் முள் ஏறி ஆணி அடித்தாற்போல் நின்றது. மூன்றாவது வளைவு வந்தது, போனது. நான்காவதும் போனது. அவர் பாடினார், உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? சகிக்காது. இறங்கும்போது சாவியை என்னிடம் தந்து, "உங்க அப்பன்கிட்ட நானே சொல்றேன், ஞாயித்துக்கிழமை பந்தயம் முடியட்டும்" என்றார். அதற்கு முந்தைய வியாழக்கிழமையே பேருந்து டிப்போவில் மாரடைப்பு.

அவர் கோட்டுப் பையில் சுருட்டிய ரப்பர் குழாய் ஏன் இருந்தது என்று எல்லோரும் கேட்டீர்களே. அளந்து பாருங்கள். இரண்டு மீட்டர் ஆறு சென்டிமீட்டர் இருக்கும். எதற்காவது உதவும் என்று எடுத்து வைத்தார்.

"செத்தவர் பேருக்கு அவமானமா அந்தக் கார் இனிமே மலையில நின்னுபோக வேண்டாம், நாளைக்கே பூட்டை உடைச்சுப் பிரிச்சிடலாம்" என்று அப்பா நேற்று மதியம் சொன்னார். வேண்டாம். அது இனி நிற்காது. அவர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். சாட்சி நான் ஒருத்திதான். தண்டனை எதுவானாலும் சரி. டோப்ரி அண்ணா, அடுத்த பந்தயத்தில் நீங்கள் ஓட்டுங்கள். நான் கீழே நின்று எண்ணுகிறேன். தலைவர் மின்யோ கோலேவ் பெயரால் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன், அந்தக் கார் உச்சியைத் தொடும்வரை நான்

கதவு தட்டுகிறது. அப்பா.

"சோரா, தூங்கிட்டியா? டீச்சர் காரோட நோட்டைக் குடுத்தாங்க. கடைசிப் பக்கத்துல உன் கையெழுத்து. கதவைத் திற. சாவி உன்கிட்டதானே? எடுத்துக்கிட்டு ஷூவைப் போடு, மலைக்குப் போய் ஓட்டிப் பாத்துடலாம்."