ஹைட்ரோ டப்பா போன சாக்கு

என் பெயர் தேவிபிரியா, வயது 36, கணவர் பெயர் சௌந்தர் (காலஞ்சென்றவர்), சாவடித் தெரு, அருப்புக்கோட்டை. கணவர் இறந்த பின் மகளுடன் என் அண்ணன் சென்னய்யா வீட்டில் இருந்து வருகிறேன். வீட்டின் பின்புறம் அவர் நடத்தும் சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். சாயத்தில் ஹைட்ரோ என்னும் பொடி சேர்ப்போம். ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஆகவே பொடி மிச்சமிருக்கும் டப்பாக்களை மற்றக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று நகராட்சியிலிருந்து வந்து சொல்லியிருந்தார்கள். நானும் மூடித் தனியாக அடுக்கி வைத்திருந்தேன்.

நேற்று காலை, பட்டறையைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக அண்ணனுக்குப் போன் வந்தது. அதன்பின் அவர் என்னை உள்ளே நூல் அலசச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனார். சிறிது நேரத்தில் குப்பை வண்டி வந்தது. தூய்மைப் பணியாளர் முனீஸ்வரி, "பிரிச்சுத்தானண்ணே கட்டிருக்கீக?" என்று கேட்டதும், அண்ணன், "எல்லாம் நூல் கழிவுதேன், ஏத்திக்க" என்றதும் என் காதில் விழுந்தது. அதன்பின் நான் திரும்பிப் பார்த்தபோது ஈரக் கழிவுச் சாக்கோடு டப்பாக்களையும் காணவில்லை.

உடனே தெருவுக்கு ஓடினேன். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் முனையில் வண்டி நின்றிருந்தது. சாக்கிலிருந்து புகை வந்தது, கந்தக நெடி அடித்தது. ஓட்டுநர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். தண்ணீர் வேண்டாம், மண்ணைப் போடுங்கள் என்று கத்தினேன். அதற்குள் முனீஸ்வரி சாக்கை வெறுங்கையால் பற்றி, பிள்ளைகள் இல்லாத பக்கம் இழுத்துப் போட்டார். அப்போது சாக்கு குப்பென்று எரிந்தது. பிள்ளைகளுக்குக் காயமில்லை. முனீஸ்வரியின் கைகள் முழங்கை வரை வெந்து, பிளாஸ்டிக் வளையல்கள் தோலோடு உருகி ஒட்டியிருந்தன. அதன்பின் தீயை மண்ணால் அணைத்துவிட்டு, அவரை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அதன்பின் அண்ணன் அங்கு வந்தார். காவலர் ஒருவர் பக்கத்தில் நின்றதால், அவருக்குப் புரியாதபடி நாங்கள் வீட்டில் பேசும் கன்னடத்தில் என்னிடம் பேசினார். சாக்கு தெருவிலுள்ள கறிக்கடையில் ஏற்றியது என்று நான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே வளையல்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரியின் சத்தம் வெளியே கேட்டது. அதன்பின் நான் காவலரிடம் தமிழில், "அது எங்க பட்டறைச் சாக்குத்தேன் சார்" என்றேன்.

என் மகள் எங்கள் துணிமணிப் பையோடு இந்தக் காவல் நிலையத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் பொய்யில்லை. என் அண்ணன் முன்னாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) சௌ. தேவிபிரியா