காரணம் கேட்காத லீவு

– லீவுக்குத்தான் சரின்னு போட்டுட்டேனே சார். இன்னும் ஏன் நிக்கறீங்க? உக்காருங்க.

– இருக்கட்டும் மேடம். இருபது நாள் கேட்டேன். அரை நிமிஷத்துல போன்ல சரின்னு வந்துடுச்சு.

– நல்லதுதானே?

– ஸ்டோர் சாவியக் கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

– இருபது நாள் கழிச்சு வந்துடுவீங்கல்ல?

– தெரியல. ஒரேயடியா நின்னுடலாமான்னு பாக்கறேன்.

– என்ன சார், திடுதிப்புன்னு? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?

– பேசவே இல்லியே. அதான் பாருங்க விஷயம். ரிட்டயராகி ஸ்டோருக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த சீட்டுல நான் மேனேஜரா இருந்தப்போ, ஒருத்தர் அரை நாள் கேட்டாக்கூட எதுக்குப்பா, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பேன்.

– அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சார், நான் பொறுப்பெடுத்த மறுநாளே லீவு ஆப்புல காரணம்ங்கற கட்டத்தத் தூக்கச் சொன்னேன்.

– பயமா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

– நான் சேர்ந்த புதுசுல ரெண்டு நாள் லீவு கேட்டேன். அத்தன பேர் முன்னாடி எதுக்குன்னு கேட்டீங்க. அக்கா கல்யாணம்னு சொன்னேன்.

– ஆமா, எல்லாருமாச் சேர்ந்து சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோமே.

– எனக்கு அக்காவே கிடையாது சார். அன்னிக்குக் கோர்ட்டுல என் விவாகரத்து.

– அப்போ அந்தக் கடிகாரம்?

– என் வீட்டுலதான் இருக்கு. நல்லா ஓடுது.

– எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.

– அத்தன பேர் முன்னாடியா? கேக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சிம்பிள்.

– எங்க காலத்து ஆளுங்களுக்கு அது வேற மாதிரி படும். கேக்கலைன்னா, இருந்தா என்ன, போனா என்னன்னு அர்த்தம். அதான் பாருங்க, சரின்னு வந்ததுக்கப்புறமும் போனையே பாத்துக்கிட்டிருந்தேன். பின்னாடியே இன்னொரு வரி வரும்னு. மனசு விட்டுப்போச்சு.

– அடடா. இருங்க, கதவச் சாத்திடறேன். ம், இப்போ யாரும் இல்ல. நான் கேக்கறேன். எதுக்கு சார் லீவு?

– உங்க ரூல் என்னாகறது மேடம்?

– ரூல் கிடக்கட்டும். சொல்லுங்க.

– நாளைக்கு எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்மா. கையெழுத்துப் போட வீட்டு மனுஷங்க யாரு வருவாங்கன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. உங்க பேரச் சொல்லிட்டேன்.